அப்போதே தெரிந்தவர்கள்

ஒரு மனிதன் புகழ் பெற்றுவிட்டால், அவனோடு ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து படித்தவர்களின் தொகை திடீரென்று பெருகிவிடுவது உலக இயல்பு. நாற்பது பேர் இருந்த வகுப்பில் நானூறு பேர் படித்ததாக ஏற்படும். "இவன் பெரிய ஆளாக வருவான் என்று எனக்கு அப்போதே தெரியுமே!" என்று சொல்லாத பேர்வழி ஊரில் இருக்க மாட்டார். "அப்போதே தெரிந்திருந்தால், அப்போது ஒரு வேளைச் சோறாவது போட்டீர்களா?" என்று திருப்பிக் கேட்டால்தான் சங்கடம். உடனே அவருக்கு அவசர ஜோலி ஏதாவது ஞாபகம் வந்துவிடும்.

இந்த விஷயம் மனத்தில் எழுந்ததற்குக் காரணம் எங்கள் பள்ளிக்கூடத்துச் சிறுவன் ஒருவன். டிசம்பர் 22-ஆம் தேதி ஸ்ரீநிவாச ராமானுஜன் பிறந்த நாள். 2012-ஆம் ஆண்டிலிருந்து அதைத் தேசிய கணித தினமாகக் கொண்டாடி வருகிறோம். வழக்கம்போல் நாலைந்து பிள்ளைகள் மேடையேறி மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார்கள். ஈரோட்டில் பிறந்தார், கும்பகோணத்தில் வளர்ந்தார், வறுமையில் வாடினார், இங்கிலாந்திலிருந்த ஹார்டி துரை அவரைக் கண்டுபிடித்தார். கரகோஷம். எல்லாம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து, "ஸார், நம்ம ஊர்லே ஒருத்தருக்குமே அவரைத் தெரியலையா ஸார்?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. மேடையில் பேசிய எங்கள் யாருக்கும் தோன்றாத கேள்வி. அவனுக்கு அன்று அரைகுறையாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

தெரிந்தவர்கள் இருந்தார்கள். முதலில் தெரிந்துகொண்டது கும்பகோணம் டவுன் ஹைஸ்கூல். சுமார் 1,200 மாணவர்களையும் 35 உபாத்தியாயர்களையும் வகுப்புகளுக்குப் பங்கிடும் வேலையை அங்கே கணக்கு வாத்தியார் ஒருவர் இந்தப் பையனிடம் ஒப்படைத்திருந்தார். (தலைமையாசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள், அது எப்பேர்ப்பட்ட தலைவேதனை என்று!) 1904-இல் கணிதப் பரிசு கொடுக்கும்போது தலைமையாசிரியர் கிருஷ்ணசுவாமி ஐயர், முழு மார்க்குக்கு மேலே மார்க் இருந்தால் அதையும் இவனுக்குக் கொடுக்கலாம் என்று சபையில் சொன்னாராம்.

அந்தப் பள்ளியில் ராமானுஜனுக்கு மேல் வகுப்பில் ராஜகோபாலாச்சாரி என்று ஒருவர் படித்தார். நமது ராஜாஜி அல்ல, இவர் ஸி. வி. ராஜகோபாலாச்சாரி. சின்னப் பையன் கணக்கில் புலி என்று கேள்விப்பட்டு, அவனை மடக்கிப் பார்க்க ஒரு கணக்குப் போட்டார். இரண்டு எண்கள், முதல் எண்ணின் வர்க்கமூலத்தோடு இரண்டாவது எண்ணைக் கூட்டினால் 7, முதல் எண்ணோடு இரண்டாவதன் வர்க்கமூலத்தைக் கூட்டினால் 11, எண்கள் யாவை? இன்று படிக்கிற நேயர்களும் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு முயன்று பார்க்கலாம். அரை நிமிஷத்தில் 9, 4 என்று பதில் வந்தது. கேட்டவர் அன்று முதல் சிநேகிதரானார். பல வருஷங்களுக்குப் பிறகு அந்தச் சிநேகிதம் எப்படிப் பயன்பட்டது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பள்ளிக்கூடம் தெரிந்துகொண்டதைக் கலாசாலை தெரிந்துகொள்ளவில்லை. கும்பகோணம் கலாசாலையில் கணிதம் தவிர மற்றப் பாடங்களில் கோட்டை விட்டு உபகாரச் சம்பளத்தை இழந்தார். சென்னைக்கு வந்து பச்சையப்பன் கலாசாலையில் சேர்ந்தார். அங்கும் எஃப்.ஏ. தேறவில்லை. 1907-இல் மறுபடியும் எழுதித் தவறினார். பரீட்சை வைத்தவர்களை நான் வைய மாட்டேன். நானும் பரீட்சை வைத்துப் பிழைக்கிறவன்தான். வரலாற்றிலும் உடற்கூற்றிலும் விடை எழுதாத பையனுக்கு யார்தான் மார்க் போடுவார்கள்?

பிறகு கல்யாணம். 1909-இல் ஜானகியை மணந்தார். உத்தியோகம் வேண்டுமே! 1910-இல் கிழிசல் நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திருக்கோவலூருக்கு ரயிலேறினார்.

திருக்கோவலூர் என்றதும் நம்மில் பலருக்கு முதலாழ்வார் மூவர் கதை ஞாபகத்துக்கு வரும். மழை இரவில் குறுகிய இடைகழி ஒன்றில் ஒருவர் படுக்கவும், இருவர் உட்காரவும், மூவர் நிற்கவும் இடம் இருந்ததாம். ராமானுஜன் அங்கே தேடிப் போனது வி. ராமசுவாமி ஐயரை. அவர் டிப்டி கலெக்டர். ஆனால் கணிதப் பித்துப் பிடித்த டிப்டி கலெக்டர். 1907-இல் இந்தியக் கணித சங்கத்தை ஆரம்பித்தவர். மாணவராயிருந்தபோதே சீமைப் பத்திரிகைக்குக் கணிதக் கட்டுரைகள் எழுத, அதன் ஆசிரியர்கள் இவரைக் கலாசாலைப் பேராசிரியர் என்றே நினைத்துவிட்டார்கள். அதனால் சிநேகிதர்களுக்கெல்லாம் இவர் கடைசிவரை 'புரொபஸர்' ராமசுவாமிதான்.

வந்தவர் கேட்டது தாலுகா கச்சேரியில் ஒரு குமாஸ்தா வேலை. டிப்டி கலெக்டர் நினைத்திருந்தால் ஒரு கையெழுத்தில் முடிந்திருக்கும் காரியம். அவர் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். புரட்டியவர் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். இந்தக் கைகளில் பட்டாக் கணக்கையும் கிஸ்திக் கணக்கையும் திணிப்பது உபகாரமல்ல, அபகாரம் என்று அவருக்குப் பட்டது. சென்னையிலிருந்த கணிதப் பேராசிரியர் பி. வி. சேஷு ஐயருக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்தனுப்பினார். சேஷு ஐயர் கும்பகோணத்தில் ராமானுஜனுக்குப் பாடம் சொன்னவர். வேலை கொடுக்காமல் உதவி செய்தவர்கள் வரிசையில் ராமசுவாமி ஐயருக்கு முதல் ஸ்தானம் தரவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

சேஷு ஐயர் கைகாட்டிய இடம் நெல்லூர் கலெக்டர் திவான் பகதூர் ஆர். ராமச்சந்திர ராவ். அவரிடம் அழைத்துப் போய்ச் சேர்ப்பதில், அன்று 9-ம் 4-ம் விடையாகப் பெற்ற ராஜகோபாலாச்சாரிக்கும் பங்கு உண்டு. இந்தச் சந்திப்பைப் பற்றி ராமச்சந்திர ராவே பின்னால் எழுதி வைத்திருக்கிறார். நினைவுக் குறிப்பு என்றால் இப்படி எழுத வேண்டும் என்று நான் பலமுறை வியந்திருக்கிறேன். அவர் எழுதியபோது ராமானுஜன் ராயல் சொஸைட்டி அங்கத்தினராகி, உலகப் புகழ் பெற்று, காலமும் ஆகிவிட்டார். "பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொண்டேன்" என்று கலெக்டர் எழுதியிருந்தால் மறுப்பதற்கு ஆள் கிடையாது. அவர் அப்படி எழுதவில்லை. கணிதத்தில் தாம் பெரிய ஆள் என்ற நினைப்பில், போனால் போகிறதென்று தரிசனம் கொடுத்ததாகத் தம்மைத் தாமே கேலி செய்துகொள்கிறார். குள்ளமாய், பருமனாய், முகக்ஷவரம் செய்துகொள்ளாமல், அழுக்கு உடையுடன் ஒருவர் வந்தார். கண்கள் மட்டும் ஜொலித்தன. சொன்னது அர்த்தமுள்ளதா, பிதற்றலா என்று தீர்மானிக்கத் தம் படிப்புப் போதவில்லை என்று ஒப்புக்கொள்கிறார்.

அப்புறம் என்ன செய்தார்? மறுபடியும் வரச் சொன்னார். அவ்வளவுதான்! ஆனால் நான் இந்த வரலாறு முழுவதிலும் பெரிதாக மதிக்கிற செய்கை அதுவே. மறுபடி வந்த ராமானுஜன், கலெக்டரின் கணிதம் எவ்வளவு ஆழம் என்பதை அளந்துகொண்டு, எளிய சூத்திரங்களை முதலில் காட்டினார். பிறகு படிப்படியாக மேலே அழைத்துப் போனார். யார் யாரைப் பரீட்சை செய்தது என்று நேயர்களே தீர்மானிக்கலாம். கடைசியில், "உமக்கு என்ன வேண்டும்?" என்று கலெக்டர் கேட்க, ஆராய்ச்சி செய்துகொண்டு உயிர் வாழக் கொஞ்சம் பணம் போதும் என்றார். ராமச்சந்திர ராவ் தம் சொந்தப் பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்து வந்தார். சுமார் ஒரு வருஷம் இப்படி நடந்தது. அந்த ஓய்வில்தான் 1911-இல் ராமானுஜனின் முதல் கட்டுரை கணித சங்கத்தின் பத்திரிகையில் வெளியாயிற்று.

பிறர் பணத்தில் உண்பது ராமானுஜனுக்குப் பிடிக்கவில்லை. 1912, மார்ச்சு 1-ஆம் தேதி சென்னைத் துறைமுக ஆபீஸில், மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில், குமாஸ்தாவாக அமர்ந்தார். திருக்கோவலூரில் மறுக்கப்பட்ட உத்தியோகம் சென்னையில் வந்து வாய்த்தது. ஆனால் இங்கே தலைமைக் கணக்கர் நாராயண ஐயர். அவர் எம்.ஏ. படித்தவர், திருச்சியில் கணிதம் போதித்தவர், கணித சங்கத்தின் பொக்கிஷதாரர். பகலில் குமாஸ்தாவும் அதிகாரியும். இரவில் திருவல்லிக்கேணிப் பைகிராப்ட்ஸ் ரோட்டில் (இப்போது அது பாரதி சாலை) நாராயண ஐயர் வீட்டு மாடியில் ஆளுக்கொரு பெரிய சிலேட்டு. நள்ளிரவு வரையில் பலப்பம் கீச்சிடும். அதிகாரி திணறிப்போய், "உம்முடைய இரண்டு படிகளுக்கு நடுவில் பத்துப் படியாவது எழுதும். எனக்கே புரியவில்லை என்றால் ஊராருக்கு எப்படிப் புரியும்?" என்ற பொருள்படச் சொல்வாராம். இது நாராயண ஐயரின் புதல்வர் வாயிலாக வந்த செய்தி.

சிலேட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காகிதம் விலை அதிகம். ஆகவே கணக்கையெல்லாம் சிலேட்டில் போட்டு, முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவார். துணி தேட நேரமில்லாமல் முழங்கையாலேயே அழித்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவார். முழங்கை கறுத்துப் போயிருக்குமாம். அந்த நோட்டுப் புத்தகங்களில் சூத்திரங்கள் ஆயிரக்கணக்கில் இருக்க, நிரூபணங்கள் மிகச் சிலவே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நிரூபணமெல்லாம் முழங்கையோடு போயிற்று.

'படி' என்றதும் எனக்கு ஒரு பையன் ஞாபகம் வருகிறான். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் என் வகுப்பில் இருந்தான். விடையை மட்டும் எழுதுவான். படிக்கு இவ்வளவு மார்க் என்று எங்களுக்கு விதி இருக்கிறது. விதிப்படி குறைத்தேன். ஒரு நாள் விடைத்தாளை எடுத்துக்கொண்டு வந்து, தான் செய்த வழியைச் சொல்ல ஆரம்பித்தான். அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. "படி எழுதினால் மார்க், போ" என்றேன். அவன் ஒரு ராமானுஜன் என்று சொல்ல வரவில்லை. என் வகுப்பில் ராமானுஜன் உட்கார்ந்திருந்தான் என்று பெருமையடித்துக்கொள்ள எனக்கு உரிமையும் இல்லை. அவன் சொல்ல வந்த வழி சரியா தவறா என்பதுகூட இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் அவனை மறுபடியும் வரச் சொல்லவில்லை. அவ்வளவே. பத்தாம் வகுப்போடு அவன் நின்றுவிட்டான்.

போகட்டும். 1913, ஜனவரி 16-ஆம் தேதி ராமானுஜன் ஹார்டிக்கு எழுதிய கடிதமும் அதற்குப் பிறகு நடந்தவையும் எல்லோருக்கும் தெரிந்த கதை. கேம்பிரிட்ஜின் வேறு இரண்டு பேராசிரியர்கள் உதவ முன்வரவில்லை. ஹார்டி ஒருவரே அக்கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து ஆராய்ந்தார். அவருடைய பெருமையை நான் ஓர் அணுவும் குறைக்கவில்லை. சூத்திரங்களின் மதிப்பை அறிந்தவர் அவர். அறிய முடியாதவர்களும், பாதி மட்டுமே அறிந்தவர்களும் அதற்கு முன்னால் இரண்டு வருஷம் அந்த மனிதனைப் பட்டினி இல்லாமல் காப்பாற்றினார்கள் என்பதுதான் மேடைப் பேச்சில் விட்டுப் போகிறது. அவர்கள் அத்தனை பேரும் நம்மவர்கள்.

சீமையிலும் நம்மவர் ஒருவர் உண்டு. பிற்காலத்தில் புள்ளியியல் மேதையாய் விளங்கிய மஹலனோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜில் மாணவர். ஒரு குளிர்காலத்தில் ராமானுஜனின் அறைக்குப் போனபோது, இரவெல்லாம் குளிரில் நடுங்குவதாகச் சொன்னார். படுக்கையைப் பார்த்தால் கம்பளிகள் ஒழுங்காக மடித்துச் செருகியபடியே இருந்தன! அவற்றை விலக்கி உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பது தெரியாமல், மேல்கோட்டையும் சால்வையையும் போர்த்துக்கொண்டு மேலேயே படுத்திருக்கிறார். எண்களின் அந்தரங்கமெல்லாம் அறிந்தவருக்குக் கம்பளியின் அந்தரங்கத்தை மஹலனோபிஸ் விளக்கிக் காட்ட வேண்டியதாயிற்று.

இத்தகைய நினைவுகள் நமக்குக் கிடைத்ததற்கு இருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஒருவர் நூலக மேதை எஸ். ஆர். ரங்கநாதன், 1967-இல் ராமானுஜனைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மற்றவர் பி. கே. ஸ்ரீநிவாசன், சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். ராமானுஜனோடு பழகிய முதியவர்களின் ஞாபகங்களையும் கடிதங்களையும் திரட்டி 1968-இல் அச்சிட்டார். பிற்பாடு ராயபுரத்தில் ராமானுஜனுக்காக ஒரு காட்சிசாலையும் ஏற்படுத்தினார். 2005-இல் காலமானார். பள்ளிக்கூட உபாத்தியாயர் ஒருவர் செய்த இந்தக் காரியத்தைப் பற்றி எங்கள் பயிற்சி வகுப்புகளில் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

ராமானுஜன் 1920, ஏப்ரல் 26-ஆம் தேதி, 32 வயதில் சேத்துப்பட்டில் காலமானார். ஜானகி அம்மாள் 1994 வரையில் வாழ்ந்தார். கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் கணவரின் கையில் வீட்டுப் பெரியவர்கள் சாதத்தைப் பிசைந்து வைப்பார்கள் என்றும், உண்பதற்காகக்கூட வேலை நிற்காது என்றும் அவரைப் பற்றிய நினைவுகள் கூறுகின்றன.

இதில் பாதியை அன்று அந்த எட்டாம் வகுப்புப் பையனுக்குச் சொல்லி முடித்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அவன் போகிற போக்கில் திரும்பி, "25 ரூபாய்க்கு அப்ப என்ன ஸார் வாங்கலாம்?" என்றான். சாப்பாட்டுச் செலவு, அறை வாடகை, பலப்பம் என்று விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டு வந்தேன். "நோட்டுக்கு?" என்று கேட்டான். நோட்டுக்குப் போதாது, அதனால்தான் சிலேட்டு என்றேன். "அப்ப இன்னொரு அஞ்சு ரூபா சேர்த்துக் கொடுத்திருக்கலாமே ஸார்!" என்று சொல்லிவிட்டு அவன் ஓடிவிட்டான்.