தழலில் உருவம் தேடுவோர்

2007 ஏப்ரல் 2 அன்று இரவு, போலந்து நாட்டின் தெற்கே பெஸ்கிட் மலைப்பகுதியில் மக்கள் பெருந்தீ மூட்டி, அதைச் சூழ நின்று செபித்தனர். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மறைந்து அன்றோடு ஈராண்டுகள். அத்தீயைப் பிடித்த நிழற்படம் ஒன்றில், சற்றே குனிந்து வலக்கரம் உயர்த்தி ஆசி வழங்கும் உருவம்போல் தழல் எழுந்து நின்றது. படம் உலகெங்கும் பரவிற்று. இன்றும் அதைப் பக்தியோடு எடுத்து நீட்டுவோர் உண்டு. "சாமி, போப்பாண்டவர் ஆசி கொடுக்கிறார், பாருங்கள்" என்பர். தயங்கும் குருவின் விசுவாசத்தையே ஐயுறுவர்.

எனக்கும் அவ்வுருவம் தெரிகிறது. தெரிவதில் வியப்பொன்றுமில்லை. இரண்டு புள்ளியும் ஒரு கோடும் கிடைத்தால் முகம் ஒன்றை நிறைவு செய்துகொள்வது மனித மூளையின் இயல்பு. லியொனார்டோ டா வின்சி, கறைபடிந்த சுவரையும் நெருப்பின் சாம்பலையும் உற்று நோக்குமாறு ஓவியருக்கு அறிவுரை கூறினார். கற்பனை ஊற்றெடுக்கும் என்பதற்காகவே கூறினார், விண்ணகம் திறக்கும் என்பதற்காக அல்ல. தழலோ கணத்துக்குக் கணம் உருமாறுவது. சூடேறிய காற்று மேலெழ, அதனோடு ஒளிரும் கரித்துகள்கள் சுழன்று ஏறுகின்றன. நிழற்படக் கருவி அந்த ஓட்டத்தில் ஒரு கீற்றை வெட்டி எடுத்து நிறுத்திவிடுகிறது. ஒரே தீயை நூறு முறை படம் பிடித்தால் ஏதேனும் ஒன்றில் யாரோ ஒருவர் நிற்பார். எஞ்சிய தொண்ணூற்றொன்பதை யாரும் சட்டமிட்டு மாட்டுவதில்லை.

"இருக்கட்டுமே, அதனால் என்ன கேடு? நாலு பேர் செபிக்கிறார்களே!" என்று உடன் குருக்களே என்னிடம் கேட்கின்றனர். இந்த இளகிய மனத்தைத்தான் நான் எதிர்க்கிறேன். திருநூலில் நெருப்பு வரும் இடங்களை நோக்குக. ஓரேபில் எரிந்த முட்புதரைப் பார்த்துக்கொண்டே நிற்க மோசே விடப்படவில்லை, பார்வோனிடம் அனுப்பப்பட்டார். அம்மலை நெருப்பின் நடுவிலிருந்து மக்கள் குரலைக் கேட்டனர், உருவம் எதையும் காணவில்லை என்று இணைச் சட்ட நூல் நான்காம் அதிகாரத்தில் அழுத்திச் சொல்கிறது. விவிலிய நெருப்பு மனிதனிடம் எதையோ கேட்கிறது. இந்தப் படமோ எதையும் கேட்பதில்லை. பார்த்தோம், மெய்சிலிர்த்தோம், அடுத்தவருக்கு அனுப்பினோம், அத்துடன் முடிந்தது.

திருச்சபையும் அவரது புனிதத்தைத் தழலில் தேடவில்லை. 2011 மே 1 அன்று அவரை அருளாளராக உயர்த்துவதற்கு அது ஏற்ற அற்புதம், பார்க்கின்சன் நோயினின்று பிரெஞ்சு அருட்சகோதரி ஒருவர் நலம் பெற்றது. அதையும் மருத்துவ வல்லுநர்கள் ஆராய்ந்த பின்னரே ஏற்றது. மேய்ப்பர்களுக்கே இத்துணை எச்சரிக்கை இருக்கையில், மந்தைக்கு எதற்கு இந்த அவசரம்?

அவரை உண்மையாகவே காட்டும் படம் ஒன்று உண்டு. 1981 மே 13 அன்று மெகமத் அலி அக்சா அவரைச் சுட்டான். 1983 டிசம்பர் 27 அன்று உரோமையின் ரெபிபியா சிறைக்கு அவரே சென்று, அவனோடு அமர்ந்து தாழ்குரலில் பேசினார். அந்த நிழற்படத்தில் அவரைக் கண்டுகொள்ள எவரும் கண்ணை இடுக்கவேண்டியதில்லை. ஆனால் வரப்புத் தகராறில் பல்லாண்டுகளாக முகம் பாராத அண்ணன் தம்பியரிடம் அதனை நீட்டிப் பாருங்கள். தழல் படத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்ட அதே கைகள் தயங்கும். இத்தனை ஆண்டுகளில் அந்தச் சிறைப் படத்தை எவரும் என்னிடம் கொண்டுவந்து காட்டியதில்லை.