படக்கதை வரைவது விளையாட்டா?

பாடப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் படக்கதை படிக்காத மாணவி நம் பள்ளியில் உண்டா? ஆசிரியைகள் மன்னிப்பார்களாக! ஆனால் அப்படக்கதையை வரைந்தவர் யார் என்று கேட்டால் எங்களில் பலர் விழிப்போம். நம் ஊரிலிருந்து இரண்டு மூன்று மணி நேரப் பயணத்தில் உள்ள சிவகாசியில்தான் 1972-ஆம் ஆண்டு முத்து காமிக்ஸும், 1984-ஆம் ஆண்டு லயன் காமிக்ஸும் பிறந்தன. தாத்தாவும் அப்பாவும் போட்டி போட்டுப் படித்த இரும்புக்கை மாயாவி தூய தமிழ் பேசினார். அவரைப் படமாகப் படைத்தவரோ ஹெசுஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பெயின் நாட்டு ஓவியர். அச்சு நம்முடையது, மொழி நம்முடையது, வரைந்த கை மட்டும் பெரும்பாலும் அயலாருடையது. இதை நாங்கள் ஒரு குறையாகவே கருதுகிறோம்.

காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. "படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?" என்று கேட்காத வீடு உண்டா? பத்தாம் வகுப்பு வந்தவுடன் ஓவிய வகுப்பைக் கணக்கு விழுங்கிவிடுகிறது. பெண்பிள்ளை என்றால் இன்னொரு வார்த்தையும் கூடவே வரும்: "கல்யாணத்துக்குப் பிறகு இதெல்லாம் எங்கே வரையப் போகிறாய்?" இந்த வார்த்தைக்கு விடையாகவே ஒரு தம்பதியரை உங்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறோம்.

துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்பது அவர்கள் பெயர். மத்தியப் பிரதேசத்தின் கோண்டு பழங்குடி மக்களைச் சேர்ந்தவர்கள். துர்காபாய் பள்ளிக்கூடம் சென்றவர் அல்லர். அவர்கள் வீடுகளில் திருமணத்துக்கும் பண்டிகைக்கும் பெண்கள் சுவரிலும் தரையிலும் நிற மண்ணால் 'டிக்னா' என்ற கோலம் போடுவது வழக்கம். அதுவே அவருக்குச் சிறு வயதுக் கல்வி. கணவர் சுபாஷ் களிமண்ணிலும் மரத்திலும் உருவங்கள் செய்பவர். சுபாஷின் சகோதரியை மணந்த ஜங்கர் சிங் ஷியாம் புகழ்பெற்ற ஓவியர். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஓவியர் ஜே. சுவாமிநாதன்தான் ஜங்கரின் திறமையைக் கண்டுணர்ந்து போபாலுக்கு அழைத்து வந்தார். ஜங்கர் காட்டிய வழியில் இத்தம்பதியர் மண்சுவரை விட்டுத் தாளுக்கு வந்தனர். (முத்துக் குளிக்க ஒருவர் மூழ்கும்போது மேலே கயிறு பிடிப்பவர் மைத்துனராக இருப்பார் என்று நம் கடற்கரையில் சொல்வார்கள். எங்களுக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.)

2011-ஆம் ஆண்டு நவயானா பதிப்பகம் 'பீமாயணா' என்ற படக்கதை நூலை வெளியிட்டது. எழுதியவர்கள் ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும். வரைந்தவர்கள் இவ்விருவரும். டாக்டர் அம்பேத்கரின் வாழ்க்கையே கதை. பள்ளியில் தாகத்தால் தவிக்கும் சிறுவன் தானாகக் குழாயைத் தொடக் கூடாது, பணியாள் வந்து ஊற்றினால்தான் தண்ணீர். குடத்தோடு வரிசையில் நிற்கும் ஊரில் பிறந்த எங்களுக்குத் தாகம் புதிதல்ல. ஆனால் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தும் குடிக்கக் கூடாது என்ற கொடுமையை அறிந்தபோது நெஞ்சு பதறியது.

இனி அவர்கள் வரைந்த விதத்தைக் கேளுங்கள். பதிப்பாளர் வெளிநாட்டுப் படக்கதைகளைக் காட்டினார். எல்லாவற்றிலும் கட்டம் கட்டமாகப் படங்கள். மனிதர்களைப் பெட்டிக்குள் அடைத்தால் மூச்சு முட்டும் என்று இருவரும் மறுத்துவிட்டார்கள்! கட்டங்களுக்குப் பதிலாக டிக்னாக் கோலமே பக்கத்தைப் பிரித்து வளைந்து ஓடுகிறது. ரயில் பாம்பாக நெளிகிறது. பேச்சு எழுதும் கூட்டிலும் ஒரு நுட்பம் உண்டு. பிறரைப் புண்படுத்தும் பேச்சுக்குத் தேளின் கொடுக்கு வால், மென்மையான பேச்சுக்குப் பறவை வடிவம். எழுதப் படிக்கத் தெரியாத குழந்தையும், யார் பேச்சு கொட்டுகிறது என்று கண்டுகொள்ளும். இதைப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற ஓவியர்கள் செய்திருந்தால் எவ்வளவு பேசியிருப்போம்!

ஒரே புத்தகத்தில் இருவர் பெயரும் ஓவியர் என்று நிற்பதை நாங்கள் பெரிதாக நினைக்கிறோம். கணவர் வரைய மனைவி வண்ணக் கிண்ணம் கழுவினார் என்ற கதை அல்ல இது. துர்காபாய் மற்றவர்களுடன் சேர்ந்து வரைந்த மரங்களைப் பற்றிய நூல் ஒன்று 2006-இல் சென்னை தாரா புக்ஸ் வழியாக வந்து, 2008-இல் இத்தாலியின் பொலோஞா நகரில் பரிசு பெற்றது. 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

"ஆயிரத்தில் ஒருவருக்கு அப்படி வாய்க்கும், மற்றவர்கள் என்ன செய்வார்கள்?" என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். படிப்பை விட்டுவிட்டுத் தூரிகையைப் பிடியுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. படிப்போடு வாரம் ஒரு மணி நேரம் ஓவியத்துக்கும் விடுங்கள் என்கிறோம். பெண் பார்க்க வருகிறவர்களிடம் சமையலைப் பற்றிச் சொல்லும்போது, "எங்கள் மகள் படம் வரைவாள், அதை நிறுத்தமாட்டாள்" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறோம்.

வரைவதற்குக் கதைக்கா பஞ்சம்? பக்கத்தில் உள்ள புன்னைக்காயலில் 1586-ஆம் ஆண்டிலேயே அண்டிரீக் அடிகளார் தமிழ் நூல் அச்சிட்டார். 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டார். 1961-க்குப் பிறகு இக்கடலில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. கடைசியாக மூழ்கியவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கள் வகுப்பில் இருக்கலாம். உப்பளத்து வெயிலில் கண் கூசக் கூச உப்பு வாரும் அக்காமார்களை எந்தப் படக்கதையில் பார்த்தோம்?

எங்கள் வகுப்பில் இரண்டு பேர் தொடங்கிவிட்டார்கள். ஒருத்தி எழுதுகிறாள், ஒருத்தி வரைகிறாள். உப்பளத்துக் கதை பழைய கணக்கு நோட்டில் பதினோரு பக்கம் வந்திருக்கிறது. வெள்ளைத் தாளில் வெள்ளை உப்பை எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் பன்னிரண்டாம் பக்கம் நிற்கிறது.