காத்திருக்கிற மாதங்களுக்கு யார் காசு கட்டுறது?

எங்கள் வாடகை அறையில் மூன்று பேர் இருக்கிறோம். மூன்று பேரும் கலைப்பீடம். மூன்று பேருடைய வீட்டிலும் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருக்கிறது. ஒரு காலத்தில் ஏ.எல் ரியூசன் நோட்ஸ் வைத்திருந்த ஃபைல்கள்தான். இப்போது அதற்குள் கிளினிக் கொப்பி, இரத்தப் பரிசோதனைத் துண்டுகள், ஜீ.எஸ் கடிதம், அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகப் பிரதி. ஒரு வீட்டில் அம்மாவுக்கு முடக்குவாதம். இன்னொரு வீட்டில் அப்பாவுக்குச் சிறுநீரக நோய். மூன்றாவது வீட்டில் நோயாளி எங்களில் ஒருத்தியேதான், அவளுக்கு லூபஸ். யாருடைய வீடு எது என்று பிரித்து எழுதப் போவதில்லை. ஊரில் அதைக் கண்டுபிடித்து “உங்கட வீட்டுக் கதை எழுதியிருக்கினம், பாத்தனீங்களோ?” என்று கேட்பதற்கென்றே ஆட்கள் இருக்கினம். ஆகவே இது முழுக்க “நாங்கள்”.

கொடுப்பனவுத் தொகையைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். வலுவிழந்தோருக்கும் சிறுநீரக நோயாளருக்கும் தரப்படும் மாதக் காசு 2024 இல் 7,500 ரூபாய் ஆனது. 2025 ஏப்ரலில் இருந்து 10,000 ரூபாய். கூட்டினது நல்லதுதான், அது காணுமா காணாதா என்பது இன்னொரு கட்டுரைக்கான விசயம். ஃபைலைக் கொண்டுபோய்க் குடுத்த நாளுக்கும் முதல் காசு வங்கிப் புத்தகத்தில் விழுந்த நாளுக்கும் நடுவில் கிடக்கிற மாதங்களைப் பற்றித்தான் ஒருவரும் பேசுவதில்லை. சிறுநீரக நோய் வீட்டுக்கு அது எட்டு மாதம். முடக்குவாத வீட்டுக்கு ஒரு வருசமும் ஏழு மாதமும் ஆகிவிட்டது, இன்னும் விழவில்லை. அந்த மாதங்களிலும் அடுப்பு எரிய வேண்டும், கரண்ட் பில் வரும், கிளினிக் திகதி வரும். இதெல்லாவற்றுக்கும் யாரோ காசு கட்டித்தான் இருக்கிறார்கள். யார் என்று நாங்கள் ஒருநாள் இரவு இருந்து கணக்குப் பார்த்தோம்.

முதலில் கட்டினது சந்திக் கடைக்காரர். கடன் கொப்பியில் எங்கள் பேருக்கு ஒரு பக்கம் இருந்தது, பிறகு மூன்று பக்கம் ஆனது. மூன்றாவது பக்கம் முடியும்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பாண் வாங்கப் போன தம்பி வெறுங்கையோடு திரும்பி வந்து, “இனி நான் போகேல்லை” என்றான். அடுத்தது நகை. சங்கிலி அடகுக்குப் போனது, வட்டி கட்டிக் கட்டித் திருப்பி வைத்து, கடைசியில் மீட்க ஏலாமல் போனது. பிறகு மாதர் சங்கச் சீட்டு, கழிவு போனாலும் பரவாயில்லை என்று முதல் தவணையிலேயே எடுத்தது. அதற்குப் பிறகுதான் குழுக்கடன். ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நிற்கிற அந்த நுண்கடனைப் பற்றி வடக்கில் புதிதாக விளக்கத் தேவையில்லை. கிழமைக் கிழமை கட்ட வேண்டும், கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் வாசலில் நிற்பார்கள். சிறுநீரக நோய் வீட்டில் இரண்டு பசுவும் போனது. வாரத்தில் இரண்டு நாள் இரத்தச் சுத்திகரிப்புக்கு, ஒருமுறைக்கு நாலு மணித்தியாலம் மெசினில், போக வர ஒரு முழு நாள். வயலையும் மாட்டையும் யார் பார்க்கிறது?

ஆஸ்பத்திரி இலவசம்தானே என்று கேட்பார்கள். உண்மைதான், அந்த இலவசம் இல்லையென்றால் நாங்கள் இந்தக் கட்டுரை எழுதுகிற நிலையில்கூட இருந்திருக்க மாட்டோம். ஆனால் “இந்த டெஸ்ட் இப்ப இங்க இல்லை, வெளியில செய்துகொண்டு வாங்கோ” என்று எழுதித் தருகிற துண்டு இலவசம் இல்லை. 2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது கிளினிக்கில் பாதியும் பாமசியில் பாதியுமாக வாங்கினோம், சில மாதங்களில் பாமசியிலும் இல்லை. விடிய நாலரைக்கு நம்பர் எடுக்கப் போனால் அந்த நேரத்தில் பஸ் இல்லை, ஓட்டோதான். கை மடங்காத ஆளைத் தனியே அனுப்ப ஏலாது, கூட ஒராள் போக வேண்டும், கூடப் போகிற ஆளின் அன்றைய கூலியும் போகும். இலவச மருத்துவத்துக்குப் போய் வருகிற செலவு என்ற ஒன்று எந்தப் படிவத்திலும் கேட்கப்படுவதில்லை.

நகை, மாடு எல்லாவற்றையும் விட எங்களுக்கு இன்னும் ஆறாதது ஒரு தையல் மெசின். அம்மா தைத்துத்தான் எங்களைப் படிப்பித்தவ. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, சாரி பிளவுஸ், திருவிழாக் காலத்தில் பாவாடை சட்டை. வீட்டில் ஒரு சாதாரண மெசினும் ஓரம் அடிக்கிற ஓவர்லொக் மெசினும் இருந்தன. கத்திரிக்கோல் பிடிக்க ஏலாமல் போன பிறகும் அவ அந்த ஓவர்லொக்கை விற்க விடவில்லை. “கை சரிவந்தா நான் என்னத்தில தைக்கிறது?” என்று கேட்டா. அது வெறும் ஆசை இல்லை. முடக்குவாதத்துக்குக் குடுக்கிற மெதோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒரு நாள் மட்டும் போடுகிற மருந்து, வேலை செய்யத் தொடங்கவே பல வாரங்கள் எடுக்கும், ஆனால் வேலை செய்தால் கை ஓரளவு திரும்பும். அவவுக்கும் ஓரளவு திரும்பியது. ஆனால் அதற்கு இரண்டு மாதம் முதல் மெசின் விற்றாயிற்று. கொடுப்பனவு நேரத்துக்கு வந்திருந்தால் அந்த மெசின் வீட்டில் நின்றிருக்கும், அவ இன்று பகுதி நேரமாகவாவது தைத்துக்கொண்டிருப்பா, அரசாங்கத்துக்கும் அது லாபம். காத்திருக்க வைத்ததால் வறுமை தள்ளிப் போகவில்லை, நிரந்தரமாக வந்து குந்தியிருக்கிறது. இதைச் செலவு மிச்சம் பிடிப்பது என்று யாராவது சொன்னால், எங்கள் வீட்டுக் கணக்குக் கொப்பியைக் காட்டத் தயார்.

இன்னொருவரும் காசு கட்டியிருக்கிறார், மகாபொல. 5,000 ஆக இருந்த மகாபொல 2025 இல் 7,500 ஆனது, பேர்சரி 4,000 இலிருந்து 6,500. கம்பஸ் பிள்ளை கொப்பி வாங்கவும் சாப்பிடவும் தருகிற காசு அது. எங்கள் அறையில் அது விழுகிற அன்றே பாதி வீட்டுக்குப் போகும். அதாவது ஒரு அரச உதவி வரத் தாமதிக்கிற இடைவெளியை இன்னொரு அரச உதவி நிரப்புகிறது, நடுவில் நாங்கள் மத்தியானம் ரோல்ஸ் ஒன்றோடு சமாளிக்கிறோம். மகாபொலவும் சொன்ன திகதிக்கு விழுகிற சாமான் இல்லை என்பது வேறு கதை.

ஏன் ஒரு வீட்டுக்கு எட்டு மாதம், மற்ற வீட்டுக்கு இத்தனை காலம்? எங்களுக்குத் தெரிந்த ஒரு காரணம், சிறுநீரக நோய்க்கு நோயின் பேரிலேயே ஒரு கொடுப்பனவு இருக்கிறது. அநுராதபுரம், பொலன்னறுவை, வவுனியாப் பக்கத்தில் எத்தனையோ விவசாயிகள் செத்த பிறகு கிடைத்த அங்கீகாரம் அது. நோய்க்கு ஒரு பெட்டி உண்டு, கிளினிக் அறிக்கை அந்தப் பெட்டிக்குள் சரியாக விழும். முடக்குவாதத்துக்கும் லூபஸுக்கும் அப்படி ஒரு பெட்டி இல்லை. “வலுவிழந்தவர்” என்ற பொதுப் பெட்டிக்குள் நுழைய வேண்டும். அங்கே பார்க்கிற கண் கைத்தடியையும் சக்கர நாற்காலியையும் தேடுகிறது.

முடக்குவாதம் விடியத்தான் மிக மோசம். எழும்பி ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு விரல் மடங்காது, தலை சீவ ஏலாது, சட்டைப் பொத்தான் பூட்ட ஏலாது. வெயில் ஏற ஏறக் கொஞ்சம் இளகும். வீடு பார்க்க வந்த உத்தியோகத்தர் வந்தது பதினொன்றரைக்கு. வந்தவருக்கு அம்மா தானே எழும்பித் தேத்தண்ணி போட்டுக் குடுத்தா, விருந்தாளியை வெறுமனே அனுப்புகிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அவர் குடித்துவிட்டு, “அம்மா வேலையெல்லாம் செய்யிறாதானே” என்று எழுதிக்கொண்டு போனார். ஒரு கோப்பைத் தேத்தண்ணி எங்களுக்கு எத்தனை மாதம் எடுத்தது என்று இன்னும் கணக்கு முடியவில்லை. வெளிநாட்டில் யார் இருக்கினம் என்றும் கேட்டார். சித்தப்பா ஒராள் இருக்கிறார். அவருக்கும் மூன்று பிள்ளைகளும் வீட்டுக் கடனும் இருக்கிறதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

லூபஸ்காரியின் நிலைமை இன்னும் சிக்கல். அவளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெயில் பட்டால் உடம்பு எரியும், மூட்டு வீங்கும், ஒரு கிழமை நல்லா இருப்பாள், அடுத்த கிழமை கட்டிலைவிட்டு எழும்ப மாட்டாள். குடை பிடித்துக்கொண்டு விரிவுரைக்குப் போனால் “கலர் மங்கிடும் எண்டு பயமோ?” என்று கேட்கிற ஆட்கள் நிறைந்த இடம் இது. 80 வீத வரவு வேண்டும், ஒவ்வொரு முறையும் மெடிக்கல் எடுத்துக் குடுக்க வேண்டும். அவளுடைய பதிவு மலையகத்தில், தோட்டத்து லயத்தில். ஜீ.எஸ்ஸைப் பார்க்க யாழ்ப்பாணத்தில் இருந்து இரவு பஸ் ஏறி, கண்டியில் இறங்கி, பிறகு ஹற்றன் பஸ். அவர் அன்றைக்குக் கூட்டத்தில் இருந்தால் திரும்ப அடுத்த மாதம். அவளுடைய அம்மா போய்க் கேட்கலாம், ஆனால் அந்த நாள் கொழுந்துக்குப் போகாவிட்டால் ஒரு பேர் போச்சு. “நல்லாத்தானே இருக்கு புள்ள, கெம்பஸ் எல்லாம் போகுதே” என்று அங்கே சொன்னார்களாம். கம்பஸ் போவது வலுவிழப்பு இல்லை என்பதற்கான சான்றாகிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் பார்த்தோம். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கிற சட்டம். வாழ்க்கைக்கு அவசியமானவற்றை முழுமையாகவோ பகுதியாகவோ தானே நிறைவேற்றிக்கொள்ள ஏலாத ஆள் என்ற கருத்தில்தான் அது வரையறை தருகிறது. பகுதியாகவோ! அந்த ஒரு சொல் சட்டத்தில் இருக்கும்போது, வாசலுக்கு வருகிறவர் மட்டும் முழுமையைத் தேடுவது எப்படி? வலுவிழந்தோரின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியிருக்கிறது. சொற்களில் நாங்கள் எப்போதும் முன்னுக்குத்தான் நிற்கிறோம். அங்கவீனர், வலுவிழந்தோர், மாற்றுத்திறனாளி, விசேட தேவையுடையோர் என்று எங்கள் ஃபைலுக்குள்ளேயே நாலு பேர் இருக்கிறது, ஒவ்வொரு கடிதத்திலும் ஒவ்வொன்று. பேர் மாறுகிற வேகத்தில் ஃபைல் மேசை மாறினால் நல்லது.

உத்தியோகத்தர்களை மட்டும் திட்டுவதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை, இதில் எங்கள் அறைக்குள்ளேயே சண்டை வந்தது. அஸ்வெசும 2023 இல் தொடங்கியபோது முதல் பட்டியலுக்கு எதிராக ஒன்பது இலட்சத்துக்கும் மேலே மேன்முறையீடுகள் போயின. அவ்வளவையும் பார்த்தது இதே பிரதேச செயலகங்கள், இதே ஆட்கள், இதே ஓட்டை மோட்டார் சைக்கிள்கள். “இடம் வெறுமையாகினால்தான் சேர்க்கலாம் பிள்ளை” என்று எங்களுக்குச் சொன்ன அக்காவின் முகத்தில் வெட்கம் தெரிந்தது. இடம் வெறுமையாகிறது என்றால் என்ன அர்த்தம் என்று அவவுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். இன்னொருவருடைய சாவுக்குக் காத்திருக்கிற பட்டியலில் அம்மாவின் பேரை எழுதிவிட்டு வந்து இரவு சாப்பிடுவது லேசான வேலை இல்லை.

நாங்கள் கேட்பது பெரிய விசயமும் இல்லை. விண்ணப்பம் குடுத்த அன்று திகதியும் இலக்கமும் போட்ட ஒரு துண்டு வேண்டும். அனுமதி எப்போது கிடைத்தாலும் அந்தத் திகதியில் இருந்து நிலுவை கணக்குப் பார்த்துத் தர வேண்டும். பிரித்தானியாவில் இப்படியான கொடுப்பனவு தாமதித்தாலும் விண்ணப்பித்த நாளில் இருந்து கணக்கிடுகிறார்கள். சித்தப்பா ஃபோனில் இதைச் சொன்னபோது முதலில் நம்பவில்லை. அவ்வளவு காசுக்கு நாடு எங்கே போகிறது என்று கேட்பவர்களுக்கு, நிலுவை என்று ஒன்று இருந்தால் தாமதத்துக்கு ஒரு விலை வரும், விலை வந்தால் ஃபைல் தானாக நகரும் என்பதுதான் எங்கள் எண்ணம். இப்போது தாமதிப்பதற்கு ஒபிசுக்கு ஒரு சதமும் செலவில்லை, முழுச் செலவும் கடன் கொப்பியில் ஏறுகிறது. ஏறி இறங்குகிற நோய்களுக்கு ஒரு மத்தியான வேளைப் பார்வை போதாது, கிளினிக் வைத்தியர் பல மாதமாகப் பார்த்து எழுதுகிற அறிக்கைக்குத்தான் முதலிடம் இருக்க வேண்டும்.

இதை வாசிக்கிற உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு ஃபைல் இருந்தால், நாங்கள் பழகிக்கொண்ட சில விசயங்கள். குடுக்கிற ஒவ்வொரு தாளையும் போட்டோ எடுங்கோ. யாரைச் சந்தித்தீர்கள், என்ன சொன்னார்கள், எந்தத் திகதி என்று கொப்பியில் எழுதுங்கோ. மாகாண சமூக சேவைத் திணைக்களத்தின் மாதாந்த உதவிப் பணத்தைப் பற்றியும் கேளுங்கோ. அதை ஊரில் “பிச்சைச் சம்பளம்” என்று சொல்வதால்தான் பாதிப் பேர் கேட்கப் போவதில்லை, எங்கள் வீட்டிலும் அந்தச் சொல்லுக்காகவே ஆறு மாதம் போகவில்லை. தொழில் செய்கிற உபகரணத்தைக் கடைசி வரைக்கும் விற்காதேங்கோ. கிளினிக்கில், நோயின் பேரோடு நிறுத்தாமல் என்னென்ன வேலை ஏலாது என்பதையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கோ, சில வைத்தியர்கள் எழுதித் தருவார்கள்.

போன கிழமை முடக்குவாத ஃபைலோடு திரும்பப் போனோம், இந்த முறை மூன்று பேருமாக. துண்டு கேட்டோம். அப்படி ஒரு முறை இல்லை என்றார்கள். நாங்களே ஒரு வெள்ளைத் தாளில் “இன்ன திகதி விண்ணப்பம் கிடைத்தது” என்று எழுதி நீட்டினோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்த அக்கா பழைய பதிவேட்டைப் புரட்டி, ஒரு வருசமும் ஏழு மாதமும் முந்தின திகதியைப் பார்த்து எழுதி, கையெழுத்தும் வைத்து, ரப்பர் முத்திரை குத்தித் தந்தா.