தொப்புளில் குழாய் இருந்தாலும் பாலை நிறுத்தாதீர்கள்



வாவிக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கும் பெரியகல்லாற்றில் சென்ற மாதம் ஒரு வீட்டுக்குப் போனேன். பிள்ளை பெற்ற தாய் அழுதுகொண்டிருந்தாள். 30 வாரத்தில் பிறந்த குழந்தை வைத்தியசாலையில், கண்ணாடிப் பெட்டிக்குள்.

“தொப்புளுக்குள்ளால குழாய் விட்டிருக்காங்க மிஸ். அதால குடலுக்கு ஒட்சிசன் போகாதாம். பால் குடுத்தாக் குடல் பழுதாகிடுமாம். ரெண்டு நாளா நான் பால் எடுக்கல்ல” என்றாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ சொன்னதாம். மாமியாரும் அதையே நம்பினார்.

நான் படித்தது சமூகவியல், வைத்தியம் அல்ல. எனவே மறுநாள் அவளோடு போய் வைத்தியரிடமே கேட்டேன்.

தொப்புள் கொடியில் இரண்டு நாடிகளும் ஒரு நாளமும் உள்ளன. நாளத்தில் விடும் குழாயால் மருந்தும் நீராகாரமும் ஏற்றுவார்கள். நாடியில் விடும் குழாயால் இரத்த அழுத்தத்தைப் பார்ப்பார்கள். பிஞ்சுக் கையை அடிக்கடி குத்தாமல் இரத்தமும் எடுப்பார்கள். இந்த நாடிக் குழாய் பெருநாடிவரை செல்கிறது. குடலுக்குப் போகும் கிளையும் அங்கிருந்துதான் பிரிகிறது. அதனால்தான் குடலுக்கு ஒட்சிசன் குறையுமோ என்ற சந்தேகம் வைத்தியர்களுக்கும் எழுந்தது.

வயிற்றின்மேல் சிறு உணர்கருவியை ஒட்டி, தோலினூடாக ஒளியைச் செலுத்தி, குடலின் ஒட்சிசன் அளவை அறியும் முறை இருக்கிறது. குடலுக்கு ஓடும் இரத்தத்தை ஸ்கேன் மூலமும் பார்க்கலாம். குழாய் இருக்கிறது என்பதற்காக மட்டும் சிறிதளவு தாய்ப்பாலைத் தடுக்க வேண்டியதில்லை என்பதே இன்று பல வைத்தியர்களின் கருத்து. குழாயால் இரத்தக்கட்டியும் கிருமித்தொற்றும் வரலாம் என்பது உண்மை. ஆகவேதான் கால் விரல்களின் நிறத்தைக் கவனிக்கிறார்கள்; தேவை முடிந்ததும் குழாயை எடுத்துவிடுகிறார்கள்.

குறைமாதப் பிள்ளையின் குடல் புண்பட்டு அழுகும் நோய் பொல்லாதது. மாப்பாலைவிடத் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளுக்கு அது குறைவாகவே வருகிறது. எதற்குப் பயந்து அவள் பாலை நிறுத்தினாளோ, அதற்கு அந்தப் பாலே காவல்!

அன்றே மீண்டும் பால் எடுக்கத் தொடங்கினாள். முதலில் சில துளிகளே வந்தன. இரண்டு நாளில் தாதி ஒரு மில்லிலீற்றர் பாலை வாய்வழிக் குழாயால் விட்டார். தொப்புள் குழாய் அப்போதும் இருந்தது. பிள்ளை இன்னும் வீடு வரவில்லை. ஆனால் நிறை ஏறுகிறது.

சகோதரிகளே, எப்போது, எவ்வளவு பால் என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். சில நாள் வேண்டாம் என்றாலும் நீங்கள் எடுப்பதை நிறுத்தாதீர்கள். பிறந்த சில மணி நேரத்திலேயே தொடங்குங்கள். இரவும் பகலுமாக எட்டுத் தடவையாவது எடுங்கள். மஞ்சள் நிறச் சீம்பாலில் ஒரு துளியையும் வீணாக்காதீர்கள். சந்தேகம் வந்தால் பக்கத்துக் கட்டிலிடம் அல்ல, தாதியிடம் கேளுங்கள்.

மாமிமாரே, மருமகள் பால் எடுக்கும் நேரத்தில் சமையலை நீங்கள் பாருங்கள். பேரப்பிள்ளைக்கு நீங்கள் செய்யும் வைத்தியம் அதுதான்.