செத்த பிள்ளைகளையும் கணக்கில் சேருங்கள்

தாத்தாக்கள் கம்பங்கூழ் குடித்து நூறு வயது வாழ்ந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை. ஊசியும் மாத்திரையும் வந்த பிறகுதான் வம்சமே நோயில் விழுந்தது. பழைய வாழ்க்கைக்குத் திரும்பினால் பேரப்பிள்ளைகளுக்கும் நூறு வயது நிச்சயம். போன இதழில் வந்த நீண்ட கட்டுரையின் சாரம் இதுதான். அதில் உண்மை ஒரு பிடி, பொய் ஒரு மூட்டை. உண்மை எங்கே இருக்கிறது என்பதை நானே எடுத்துச் சொல்லிவிடுகிறேன். பொய்யை விட்டுவைக்க முடியாது. காரணம், அந்தக் கட்டுரை கடைசிப் பக்கத்தில் கர்ப்பிணிகளுக்கு யோசனை சொல்கிறது.

கட்டுரையாளரின் முதல் சாட்சி, அவர் ஊரில் தொண்ணூற்றைந்தைத் தாண்டிய மூன்று பெரியவர்கள். அவர்களோடு கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், பல் முளைக்கும் முன்பே போனவர்கள் எத்தனை பேர் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தக் கட்டுரையை எழுதியிருக்கவே முடியாது. ‘பெற்றது எட்டு, தங்கியது மூன்று’ என்று சொல்லும் பாட்டிகள் நம் வீடுகளில் இருந்தார்கள். அடுத்தடுத்துப் பிள்ளைகள் செத்த வீட்டில், பிறந்த குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்து, தவிட்டுக்கு விற்று வாங்கி, மூக்குக் குத்தி, குப்புசாமி என்றும் பிச்சை என்றும் பெயர் வைத்தார்கள். எமன் கண்ணுக்குத் தப்பட்டும் என்றுதான். ஆரோக்கியமாக வாழ்ந்த சமூகத்தில் இப்படியொரு வழக்கம் பிறந்திருக்காது.

கும்பகோணத்தில் சாரங்கபாணி சன்னதித் தெருவில் ஒரு வீடு இருக்கிறது. கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு. கட்டுரையாளர் வேண்டும் என்று சொல்வதெல்லாம் அங்கே இருந்தது. வீட்டுச் சமையல், சைவச் சாப்பாடு, ரசாயனம் படாத அரிசி, காவிரி பாயும் ஊர், நாள் தவறாத பூஜை. ராமானுஜனின் தாய் கோமளத்தம்மாள் ஆறு பிள்ளைகளைப் பெற்றார். மூத்தவர் ராமானுஜன், 1887-ல் பிறந்தவர். அடுத்த ஆண் குழந்தை மூன்று மாதம்தான் இருந்தது. 1891-ல் ஒரு குழந்தை, 1894-ல் ஒரு குழந்தை. இரண்டுமே முதல் பிறந்தநாளைக் காணவில்லை. ராமானுஜனுக்கும் இரண்டு வயதில் பெரியம்மை கண்டது, எப்படியோ பிழைத்தார். கடைசியாகப் பிறந்த தம்பிகள் இருவர் தங்கினார்கள். ஆறில் மூன்று மண்ணுக்குள். பிழைத்த மூத்தவரும் 1920-ல், 32 வயதில் போய்ச் சேர்ந்தார்.

இங்கிலாந்துக் குளிரும் யுத்த காலத்துச் சாப்பாடும்தான் அவரைக் கொன்றன என்று கட்டுரையாளர் சொல்லக்கூடும். அன்றைய டாக்டர்கள் காசநோய் என்று வைத்தியம் பார்த்தார்கள். பிற்காலத்தில் அவருடைய நோய்க் குறிப்புகளை ஆராய்ந்தபோது, ஈரலைப் பிடித்த அமீபாத் தொற்றாக இருக்கலாம் என்ற கருத்து வலுத்தது. அப்படியானால் அதன் தொடக்கம் இளமையில் மதராசில் கண்ட சீதபேதி. அசுத்தத் தண்ணீர் கொண்டுவரும் நோய் அது. எது எப்படியானாலும் செத்த அந்த மூன்று குழந்தைகள் இங்கிலாந்தைப் பார்த்ததில்லை.

அதே குடும்பத்துக்கு மருமகளாக வந்த ஜானகி அம்மாள் 1899-ல் பிறந்தவர். கணவர் போன பின் திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து பிழைத்தார். 1994 வரை இருந்தார். கட்டுரையாளர் அவரைச் சந்தித்திருந்தால், மூன்று பெரியவர்களோடு நான்காவதாக அவர் படத்தையும் போட்டு, இதுவே அந்தக் கால உடம்பு என்று எழுதியிருப்பார். அந்தக் குடும்பத்தில் செத்த குழந்தைகளுக்குப் படம் கிடையாது. உயிரோடு இருப்பவர்களை மட்டும் எண்ணிவிட்டு ஒரு தலைமுறைக்கே ஆயுள் எழுதுவது ஆராய்ச்சி ஆகாது. செத்த குழந்தைகளை இரண்டாம் முறை புதைப்பது அது.

ஒரு வீட்டை வைத்து நாட்டைச் சொல்லலாமா என்றால், நாட்டுக் கணக்கு இன்னும் மோசம். இன்ஃப்ளுயென்சா கோடிக்கும் மேற்பட்டவர்களை வாரிக்கொண்டு போன 1911–21 பத்தாண்டில் இந்தியர்களின் சராசரி ஆயுள் 20-ஐ ஒட்டி இருந்தது. சுதந்திரம் வந்தபோது 32-ஐ ஒட்டி. இன்று 70. தமிழ்நாட்டில் 1971-ல்கூட பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 ஒரு வயது ஆவதற்குள் இறந்தன. 2020-ல் அது 13.

இதற்கு ஒரு பதிலை அவர் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார். சராசரியைக் கீழே இழுப்பது சிசு மரணம்தானாம். ஐந்து வயதைத் தாண்டியவர்கள் எல்லாரும் நூறு வரை போனார்களாம். சிசுக்களின் சாவை இவ்வளவு சுலபமாக ஒதுக்கித் தள்ளும் மனம் எனக்குப் புரியவில்லை. கணக்கும் தப்பு. பாரதியின் தாய் அவருக்கு ஐந்து வயதிருக்கும்போது இறந்தார். பாரதி 38 வயதில் இறந்தார். புதுமைப்பித்தன் 42 வயதில் காசநோயில் போனார். வாந்திபேதி, பிளேக், பிரசவம் மூன்றும் வயது வந்தவர்களையும் தேடி வந்தன. தாத்தாக்கள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று கட்டுரையாளர் பெருமைப்படுகிறாரே, பெரும்பாலான ஊர்களில் போவதற்கு ஆஸ்பத்திரி ஏது?

காசநோயைத் தொட்டதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு இருந்தால் உடம்பு தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும், மருந்து வீண் என்று அவர் எழுதுகிறார். இந்தக் கேள்வியை உலகத்துக்கே தீர்த்து வைத்த ஊர் சென்னை. 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் தொடங்கியது. 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் படுக்கை, ஓய்வு, சத்தான உணவு. மறு பாதி நெருக்கடியான ஏழை வீடுகளில், போதாத சாப்பாட்டில், அன்றாட வேலைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தது. இரண்டு பாதிக்கும் ஒரே மாத்திரைகள், ஓராண்டு. 1959-ல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களோடு ஒரே அறையில் படுத்த மனைவி மக்களுக்கும் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்படுவதற்கு வழி திறந்த ஆராய்ச்சி அது. குணமாக்கியது மாத்திரை. தகப்பன் பிழைத்ததால் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்காத பிள்ளைகள், வட்டிக்கு வாங்காத தாய்மார்கள், அவர்கள் வழியில் வந்த பேரர்கள் என்று அந்த மாத்திரையின் பலன் எத்தனை வீடுகளில் தலைமுறை தாண்டி வந்திருக்கும்! இதைத் தமிழில் எழுதுகிற ஒருவர் தெரிந்துகொள்ளாமல் மருந்தைப் பழிப்பதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்த நூறு வயதுக்கே ஆதாரம் என்ன? பிறப்பு இறப்புப் பதிவை நாடு முழுவதும் கட்டாயமாக்கிய சட்டம் 1969-ல்தான் வந்தது. அதற்கு முன் பிறந்த பலருக்கும் வருஷப் பெயர்தான் அடையாளம், அந்தப் பெயரோ அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்ப வரும். தாது வருஷம் 1876-லும் உண்டு, 1936-லும் உண்டு. பதிவுக்குப் பேர்போன ஜப்பானிலேயே 2010-ல் சரிபார்த்தபோது, குடும்பப் பதிவேட்டில் நூறு வயதைத் தாண்டி இருப்பதாகக் காட்டிய 2,30,000-க்கும் மேற்பட்டவர்கள் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. டோக்கியோவில் 111 வயது என்று நம்பப்பட்டவர் செத்து முப்பது ஆண்டு ஆகியிருந்தது.

நீண்ட ஆயுள் எங்கள் ரத்தத்திலேயே இருக்கிறது என்கிற பேச்சையும் அவர் விடவில்லை. டென்மார்க்கில் 1870 முதல் 1900 வரை பிறந்த இரட்டையர்களின் ஆயுளை ஒப்பிட்டார்கள். ஆயுள் வேறுபாட்டில் பரம்பரைக்குக் கிடைத்த பங்கு கால்வாசி. 2018-ல் கோடிக்கணக்கானவர்களின் வம்சாவளிப் பதிவுகளை அலசியபோது, ரத்த உறவே இல்லாத மைத்துனர், மைத்துனிகளின் ஆயுள்கூட ஒத்துப்போனது தெரிந்தது. ஒரே மாதிரி வசதி, ஒரே மாதிரி பழக்கம் உள்ள குடும்பங்கள் தங்களுக்குள் சம்பந்தம் செய்துகொள்கின்றன. ரத்தத்தின் கணக்கில் எழுதியதில் ஒரு பகுதி உண்மையில் வீட்டின் கணக்கு.

இனி அவர் பக்கம் உள்ள உண்மை. சிறுதானியம் நல்லது. உடல் உழைப்பு நல்லது. தீட்டிய அரிசியும் மைதாவும் இனிப்பும் உட்கார்ந்த வேலையும் நம்மைக் கெடுத்துக்கொண்டிருக்கின்றன. 2023-ல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாடு நாட்டின் சராசரிக்கு மேலே. இதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கம்பங்கூழ் குடித்தவர்கள் அதை விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள் என்று காட்டுவது அநியாயம். நெல்லை விளைவித்த கூலி ஆள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் நெல்லுச்சோறு கண்டார். மற்ற நாளெல்லாம் கூழ், அதுவும் ஒரு வேளை. ஆண்கள் குடித்த பிறகு மிஞ்சிய தெளிவு பெண்களுக்கு. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று வெள்ளைக்கார அதிகாரி அளவு வைத்தான். அதைத் தின்றுவிட்டு மண் சுமந்தவர்கள் சுருண்டு விழுந்து செத்தார்கள். இந்த வரலாற்றை மறைத்துவிட்டுக் கூழுக்குப் புகழ் பாடுகிறவர், அந்தப் பட்டினியையும் சேர்த்துப் புகழ்கிறார்.

அந்தப் பட்டினி அந்தத் தலைமுறையோடு முடியவும் இல்லை. நெதர்லாந்தில் 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படை உணவைத் தடுத்தது. அப்போது வயிற்றில் இருந்த குழந்தைகள், நடுவயதில் சர்க்கரையைக் கையாள முடியாத உடம்போடு நின்றார்கள். புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் டாக்டர் யாஜ்னிக் குழு 1993-ல் தொடங்கிய ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. நம் கிராமத்துக் குழந்தை பிறக்கும்போது சுமார் 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தை 3.5 கிலோ. எடை குறைந்த நம் குழந்தையின் உடம்பில் தசைதான் குறைந்திருந்தது. கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. போதாத சாப்பாட்டில் வளர்ந்த சின்ன உடம்புத் தாய்க்குப் பிறக்கும் சின்னக் குழந்தை, பின்னால் வயிறாரச் சாப்பிடும் காலம் வந்ததும் சர்க்கரை நோய்க்கு முதலில் இரையாகிறது. ஆக, நேற்று எல்லாம் நன்றாக இருந்தது, இன்றைய சாப்பாடு கெடுத்தது என்ற கதை பாதியில் உடைகிறது. பாட்டி பட்டினி கிடந்ததும் பேரனின் நோயில் பங்கு கேட்கிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் இன்றும் பாதிக்கு மேல் ரத்தசோகை. தலைமுறை ஆரோக்கியம் பற்றி ஆறாயிரம் சொல் எழுதினாலும் இந்த ஒரு வரி இல்லாவிட்டால் அது வெறுங்காகிதம்.

தாயிடமிருந்து நோய் இறங்கி வருவது போலவே நலமும் இறங்கி வரும். மதிய உணவுத் திட்டத்தில் சாப்பிட்ட சிறுமிகள் வளர்ந்து தாயானபோது அவர்களின் குழந்தைகள் எப்படி இருந்தார்கள் என்று பார்த்த ஆய்வு 2021-ல் வெளியானது. அந்தக் குழந்தைகள் வயதுக்கேற்ற உயரத்தில் முந்தி நின்றார்கள். 2006-க்கும் 2016-க்கும் இடையே இந்தியக் குழந்தைகளின் உயரத்தில் ஏற்பட்ட முன்னேற்றத்தில் 13 முதல் 32 சதவீதம் வரை அந்தத் திட்டத்தோடு தொடர்புடையது என்று மதிப்பிட்டார்கள். சிறுமிக்குப் போட்ட சோறு, அவள் பெற்ற பிள்ளையின் எலும்பில் தெரிகிறது. காமராஜர் 1956-லும் எம்.ஜி.ஆர். 1982-லும் இந்த மண்ணில் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று நாட்டுக்குப் புரிய இவ்வளவு காலம் ஆனது. கட்டுரையாளர் அந்தச் சத்துணவைச் செயற்கைச் சோறு என்று ஒரே வார்த்தையில் தள்ளுகிறார். தட்டில் விழுந்த அந்தச் சோற்றுக்காகவே பள்ளிக்கு வந்து, எழுத்துக் கற்று, பதினைந்து வயதில் கல்யாணம் ஆகாமல் தப்பிய பெண்கள் எத்தனையோ பேர். படித்த தாயின் பிள்ளை பிழைக்கிறது என்பது உலகம் முழுவதும் உறுதியான உண்மை. 1970-க்கும் 2009-க்கும் இடையே குறைந்த குழந்தைச் சாவுகளில் பாதிக்கு, பெண்கள் பெற்ற படிப்பே காரணம் என்று 2010-ல் கணக்கிட்டார்கள்.

இப்போது அந்தக் கடைசிப் பக்கம். வீட்டிலேயே பிரசவம் பாருங்கள், கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் ஊசி போடாதீர்கள் என்கிறார். கருக்கரிவாளால் தொப்புள்கொடி அறுத்த காலத்தில், பிறந்து ஒரு வாரத்தில் வாய் இறுகி, பால் இழுக்க முடியாமல், உடம்பு வில்லாய் வளைந்து செத்த குழந்தைகளை அவர் கேள்விப்பட்டிருக்க வேண்டும். அது டெட்டனஸ். தாய்க்குப் போடும் ஊசியாலும் ஆஸ்பத்திரிப் பிரசவத்தாலும்தான் 2015-ல் இந்தியா அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. 2018-ல் திருப்பூரில் வீட்டிலேயே பிரசவம் பார்த்து ஓர் இளம்பெண் ரத்தப்போக்கில் இறந்தது ஊருக்கே தெரியும். 2017-ல் தட்டம்மை ரூபெல்லா ஊசி போடத் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திய பெற்றோர்களும் இங்கே இருந்தார்கள். ரூபெல்லா சிறுமிக்கு வந்தால் சில நாள் காய்ச்சல், கொஞ்சம் தடிப்பு. கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றுக் குழந்தைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயத்தில் ஓட்டை. அந்த ஊசி சிறுமியின் கையில் ஏறுகிறது. அது காப்பாற்றுவது அவள் இன்னும் பெறாத குழந்தையை.

தலைமுறை தலைமுறையாக ஆரோக்கியம் வேண்டும் என்று உண்மையாகவே நினைப்பவர் அந்த ஊசியை எதிர்க்க முடியாது. கம்பங்கூழைப் பற்றி அவர் எழுதியதெல்லாம் அப்படியே இருக்கட்டும். பிரசவத்தையும் ஊசியையும் பற்றி எழுதிய அந்த இரண்டு பத்திகளை மட்டும் அடுத்த இதழிலேயே, தன் பெயரைப் போட்டு, திரும்பப் பெற வேண்டும். இந்தப் பத்திரிகையை வாங்கும் வீடுகளில் இன்று மாசமாக இருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் கிராம சுகாதார செவிலியரிடம் போவதா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு நடக்கும்போது, அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்ட ஒரு மாமனாரோ மாமியாரோ இருப்பார்.