கைத்திறனுக்கு ஆண், பெண் உண்டோ?

மாதிரிக் கார் கட்டுவது ஆண்பிள்ளைகளின் விளையாட்டு என்பர் பலர். நான் அதை ஏற்கவில்லை.

1958-இல் அமெரிக்காவின் ஏ.எம்.டி. நிறுவனம், ஒரே பெட்டியிலுள்ள பாகங்களை மூன்று விதமாகப் பூட்டத்தக்க மாதிரிக் கார்களை வெளியிட்டது. அவற்றின் அளவு அசலில் 25-இல் ஒரு பங்கு. 5 மீட்டர் வண்டி 20 சென்டிமீட்டராகிவிடும்.

வெளிநாட்டிலிருந்து வந்த மாமா, இத்தகைய பிக்கப் வண்டிப் பெட்டி ஒன்றைத் தம்பிக்குத் தந்தார். இரண்டே நாளில் அலுத்து அவன் ஒதுக்கியதை நான் எடுத்தேன். பாகங்களை உப்புத்தாளால் தேய்த்து ஒட்டினேன். என் தையல் பெட்டியிலிருந்த கறுப்பு நூல், எஞ்சினின் ஸ்பார்க் பிளக் ஒயர்களாயிற்று. மிஞ்சிய பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்திச் சூட்டில் இளக்கி இழுத்தேன். ரேடியோ ஏரியல் கிடைத்தது!

“பானெட்டை மூடினால் ஒயர் யாருக்குத் தெரியும், அக்கா?” என்றான் தம்பி. “எனக்குத் தெரியுமே!” என்றேன்.

முடிந்த வண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்த மாமா, தம்பியின் முதுகைத் தட்டிக்கொடுத்தார்! “அக்கா செய்தது, மாமா” என்று அவன்தான் உண்மையைச் சொன்னான்.

ஊசியில் நூல் கோக்கும் விரல்களுக்கு எஞ்சின் எட்டாததன்று. பெரியோர்களே! அடுத்த பெட்டி வாங்கும்போது உங்கள் மகளையும் நினையுங்கள்.