அண்டை வீட்டு நாயும் நம் கடமையும்

அண்டை வீட்டார்க்குள் எழும் பிணக்குகளில் எல்லைச் சுவரும் சாக்கடை நீரும் பழையவை. இப்போது நாயின் குரைப்பும் அவற்றோடு சேர்ந்துகொண்டது. இரண்டு சென்ட் மனையில் வீடெழுப்பி, எஞ்சிய சந்தில் ஒரு நாயைக் கட்டிவைப்பது நகரங்களில் வழக்கமாகிவிட்டது. வீட்டார் காலையில் வேலைக்குச் சென்று இரவில் திரும்புவர். வெயிலும் மழையும் அதன் மேல்தான். தட்டில் நீர் இருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. இரவெல்லாம் அது குரைக்கிறது. தேர்வுக்குப் படிக்கும் மாணவனும் நோயுற்ற முதியவரும் உறக்கமின்றிப் புரளுகின்றனர். குரைக்கின்ற நாய் கடிக்காது என்னும் பழமொழி ஆறுதல் தரலாம். அது ஏன் குரைக்கிறது என்னும் வினாவுக்கு அதில் விடையில்லை.

நாய் கூட்டமாக வாழும் இயல்பினது. மனிதனையே தன் கூட்டமாக ஏற்றுக்கொண்ட விலங்கு. சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நம் நாட்டு இனங்கள் முயலைத் துரத்தி ஓடுவதற்கென்றே தென்பாண்டிச் சீமையில் பேணப்பட்டவை. இராசபாளையம் நாய்க்கு 2005 ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை அஞ்சல் தலையே வெளியிட்டது. இத்தகைய விலங்கை நான்கடிச் சங்கிலியில் ஆண்டுக்கணக்கில் கட்டிவைத்தால் அது வேறென்ன செய்யும்? அதன் குரைப்பைக் காவல் என்று உரிமையாளர் பெருமை கொள்கிறார். உற்றுக் கேட்பவர்க்கு அது முறையீடாகவே படும். உறக்கம் இழந்தவரும் அந்த நாயும் உண்மையில் ஒரே வழக்கின் வாதிகள்.

இங்கே முஸ்லிம் வீட்டாருக்குத் தனியானதோர் இடர்ப்பாடு உண்டு. அவர் சென்று முறையிட்டால், “உங்கள் மார்க்கத்தில் நாய் ஆகாதல்லவா?” என்னும் ஒரே சொல்லில் வழக்கு முடிந்துவிடுகிறது. உறக்கத்தைப் பற்றிய பேச்சு சமயத்தைப் பற்றியதாகத் திரிந்துவிடுகிறது. இதற்கு அஞ்சியே பலர் வாய் திறப்பதில்லை. அடக்கிவைத்த சினமோ ஒருநாள் கல்லாகப் பறக்கிறது.

நம்மவரிடையேயும் ஒரு மயக்கம் நிலவுகிறது. நாய் நஜீஸ், ஆதலால் அதன் துன்பம் நம் கவலைக்கு உரியதன்று என்று எண்ணுவோர் உளர். நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை, அவற்றுள் ஒருமுறை மண்ணிட்டு, கழுவவேண்டும் என்பது தூய்மை பற்றிய சட்டம். பாத்திரத்திற்குரிய சட்டத்தை இரக்கத்தின் மீது ஏற்றுவது எவ்வாறு பொருந்தும்? தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்குக் காலுறையில் நீர் முகந்து புகட்டியவரின் பாவம் மன்னிக்கப்பட்டதை அறிவித்தவர்களும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே. பூனையை அடைத்துவைத்து, உணவும் தராமல் தானே இரைதேடவும் விடாமல் சாகவிட்ட பெண் நரகத்திற்கு உரியவளானாள் என்று எச்சரித்தவர்களும் அவர்களே. கட்டிவைத்து மறந்துவிடுவோர்க்கு இதனினும் நேரான எச்சரிக்கை வேண்டுமோ? திருமறையின் அல்கஹ்ஃபு அத்தியாயத்தில் குகைத் தோழர்களின் நாய் முன்கால்களை நீட்டி வாயிலில் கிடக்கிறது. (அதன் கழுத்தில் சங்கிலி இருந்ததாகக் குறிப்பேதும் இல்லை.) சீறாப்புராணத்தின் மானுக்குப் பிணை நின்ற படலத்தை வகுப்பறையில் நயம் பாராட்டிப் பயிலும் நாம், சுவருக்கு அப்பால் கிடக்கும் உயிரைத் தொல்லை என்று மட்டும் கண்டால் அந்தப் பயிற்சியால் விளைந்த பயன் யாது?

சட்டத்தை நாடலாமே எனின், அதன் வலிமை சிறிது. விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960 ஆம் ஆண்டினது. நாயை எந்நேரமும் கட்டிவைத்து உலவவிடாமல் இருப்பதையும், போதிய உணவும் நீரும் நிழலும் தராமையையும் அது குற்றம் என்றே வகுக்கிறது. முதற் குற்றத்திற்குத் தண்டமோ பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை! 2000 ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல் என வரம்பிடுகின்றன. நள்ளிரவில் அளவைக் கருவியோடு ஒரு நாயின் முன் வந்து நிற்கும் அதிகாரியை நான் கண்டதில்லை.

சிலர் உணவில் நஞ்சு கலந்து வைக்கின்றனர். பாரதிய நியாய சன்ஹிதாவின் 325 ஆம் பிரிவின்படி அதற்கு ஐந்தாண்டு வரை சிறை உண்டு. சிறை ஒருபுறம் இருக்கட்டும். கட்டிவைத்தவர் உள்ளே உறங்க, கட்டுண்டதன்றோ அந்த நஞ்சை உண்கிறது!

நேரில் சென்று பேசுவதே முதல் வழி. நள்ளிரவில் சினத்தோடு கதவைத் தட்டாமல், பகலில், அதே தெருவில் உள்ள பிற சமயத்து நண்பர் ஒருவரையும் உடனழைத்துச் செல்வது நன்று. முறையீட்டின் மீது சமயச் சாயம் ஏறாது. நம் உறக்கத்தைப் பின்னர்ப் பேசலாம். நிழலுக்கு ஒரு கூரை, நீளமான சங்கிலி, காலையும் மாலையும் சிறிது உலா, இரவில் வீட்டினுள் ஓரிடம் ஆகியவற்றைக் கேட்க வேண்டும். வீட்டார் வெளியூர் செல்லும் நாள்களில் நீர் வைக்க நாமே முன்வரலாம். இருமுறை பேசியும் பயனில்லையெனில் குடியிருப்போர் சங்கத்திற்கும் உள்ளாட்சி அலுவலகத்திற்கும் எழுத்து மூலம் முறையிடுக. அம்மனுவில் நாயின் நிலை முதற்பத்தியிலும் நம் உறக்கக்கேடு அடுத்த பத்தியிலும் அமையட்டும்.